பதினெட்டு அங்குலம் என்றார்கள்

சக்கர நாற்காலி வாசலில் சிக்கிக்கொண்டது. என் மகள் டிலானியின் கால்கள் இரண்டும் வீட்டுக்குள் இருந்தன. அவள் வெளியே இருந்தாள்.

இரண்டு காலிலும் மாவுக்கட்டு. முன்பலகையில் நீட்டி வைத்திருந்ததால் அவை முதலில் உள்ளே போய்விட்டன. சின்னச் சக்கரங்களும் போயின. பெரிய சக்கரங்கள்தான் இரண்டு பக்கமும் கதவு நிலையில் முட்டி நின்றன. என் கணவர் பின்னாலிருந்து இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். நிலையில் இருந்த வார்னிஷ்தான் உரிந்தது.

உள்ளே பக்கத்துக் காம்பிராவில் இருக்கும் பார்வதி அக்கா ஆராத்தித் தட்டோடு நின்றிருந்தார். மஞ்சள் தண்ணீரைச் சுற்றியாகிவிட்டது. இனி அதை வெளியே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். ஆனால் இருந்த ஒரே வழியை நாற்காலி அடைத்திருந்தது. கற்பூரம் மட்டும் அவசரமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"டீச்சர், நான் எப்படி வெளிய வர்றது?" என்றார் அக்கா.

அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. டிலானிதான் முதலில் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சென்ற வாரம் இந்தப் பத்தியை ஆஸ்பத்திரி வாசலில் வான் வண்டிக்காகக் காத்து நின்றதோடு நிறுத்தியிருந்தேன். புதிதாக வாசிக்க வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பிரா எங்களுடையது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கணவர் சிவலிங்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒரே மகள், உயர்தரம் படிக்கிறவள், பஸ் விபத்தில் கால்களை முறித்துக்கொண்டாள். நடப்பாள் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் நாற்காலி.

அந்த நாற்காலிதான் இப்போது வாசலில் நிற்கிறது.

கழித்துப் பார்க்கிற ஆட்கள்

நாற்காலியை ஹட்டனில் வாங்கி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். நான் வார்டில் மகளோடு இருந்தேன். கடையில் நின்றபடியே எனக்குப் போன் செய்து, பதினெட்டு அங்குலம் என்று எழுதியிருக்கிறது, எடுக்கவா என்று கேட்டார். நம் வாசல் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டரை அடி, தானே வாங்கிப் போட்ட நிலை என்றார். "நடுவுல நீயும் சேந்து போகலாம்" என்று வேறு சொன்னார்.

அவருடைய கணக்கு இப்படி ஓடியிருக்கிறது. பதினெட்டு என்று எழுதியிருந்தால் உண்மையில் பதினேழரை இருக்கும். வாசல் முப்பது என்றால் இருபத்தொன்பது இருக்கும். இரண்டிலும் கழித்த பிறகும் ஏறக்குறைய ஓரடி மிச்சம்.

இந்தக் கழிக்கிற புத்தி அவருக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ளது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் எடையை எழுதுவார்கள். மழை நாளில் இன்னும் கொஞ்சம் கழியும். எங்கள் அம்மா மலையிலிருந்து வந்து, நிறுவையில் என்ன விழுந்தது என்று சொல்ல மாட்டார். கழிவு போக என்ன நின்றது என்பதைத்தான் சொல்வார். தோட்டத்தில் பிறந்தவரிடம் ஓர் எண்ணைச் சொல்லிப் பாருங்கள். அதில் எவ்வளவு கழியும் என்றுதான் மனம் முதலில் தேடும்.

எங்கள் வீட்டில் இது முற்றிப்போனதற்கு ஒரு டிவியும் காரணம்.

சில வருடங்களுக்கு முன்னால் முப்பத்திரண்டு அங்குல டிவி ஒன்று வாங்கினோம். பெட்டியைப் பிரித்ததுமே என் தையல் டேப்பை எடுத்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அளந்தார். இருபத்தெட்டு. அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. மறுநாள் டேப்பை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறிவிட்டார்.

திரும்பி வந்தபோது கோபம் போய் ஒருவித மரியாதை வந்திருந்தது. "மூலைக்கு மூலை அளக்கிறாங்க. அப்படி அளந்தா நம்ம காம்பிராவும் பங்களாதான்" என்றார்.

நான் டீச்சர் இல்லையா, விளக்காமல் இருக்க முடியுமா? ஆரம்பத்தில் டிவியின் படக்குழாய் வட்டமான கண்ணாடியாக இருந்தது, அதன் விட்டத்தை அளவாகச் சொன்னார்கள், பிறகு படம் சதுரமான போது மூலைக்கு மூலை அந்த விட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். மரமும் அப்படித்தான் என்றேன். ஆலையில் அறுக்கிற போது உள்ள அளவுதான் அதன் பெயர். காய்ந்து, சீவி, கைக்கு வரும்போது மெலிந்திருக்கும். பெயர் மெலிவதில்லை.

அவர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆக மொத்தத்துல எல்லாத்துலயும் கொறையும்" என்று முடித்தார்.

அதைத்தான் நாற்காலிக் கடைக்கும் கொண்டு போயிருக்கிறார். சொன்னதைவிடப் பெரிதாக ஒரு சாமான் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கம்பளி

நாற்காலி சிக்கினால் என்ன, பிள்ளையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு நாற்காலியை மடித்துக் கொண்டுபோக வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். கூடியிருந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அது ஏன் முடியாமல் போனது என்பதற்கு பஸ் விழுந்த அந்த வளைவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிகம் சொல்ல எனக்கு இன்னும் தெம்பில்லை.

டியூஷன் முடிந்து வந்த பஸ், மூடுபனியில் ரோட்டை விட்டு இறங்கி, தேயிலைச் சரிவில் ஒருக்களித்துச் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, டிலானியை ஒரு கம்பளியில் கிடத்தி, நான்கு மூலையையும் பிடித்து ரோட்டுக்குத் தூக்கினார்கள். அந்த நான்கு பேரையும் நான் தேடிப் போய்ப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் ரோட்டில் நின்ற யாரோ அதைப் போனில் படம் எடுத்துவிட்டார்கள். கம்பளியில் தொங்கி, வலியில் கத்திக்கொண்டு வருகிற என் பிள்ளை லிந்துலை வரைக்கும் எல்லோருடைய போனிலும் போனாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் பார்த்தார்கள். வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மாகூட, "இந்தப் புள்ளையா அது?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து பஸ் ஹோர்ன் சத்தம் கேட்டால் நான் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்ப்பேன். அவளுக்கு, யாராவது தூக்க வந்தால் உடம்பு இறுகும். இனிமேல் யாரும் என்னைத் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் வைத்தே சொல்லிவிட்டாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, ஒரு வழவழப்பான பலகையில் கையை ஊன்றி நகர அங்கேயே பழகிக்கொண்டாள். வார்டு நடைபாதையில் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போனபோது சிங்களத் தாதி ஒருவர் கைதட்டி, "ஷோக் நங்கி, ஷோக்" என்றார். பிரமாதம் தங்கச்சி என்று அர்த்தம். அன்று என் மகளின் முகம் மலர்ந்திருந்தது.

இப்போது லயமே வாசலில் கூடி நிற்கிறது. பாதிப் பேர் கையில் போன் இருக்கிறது. படம் எடுப்பதற்காக அல்ல, போன் சும்மா கையில் இருக்கிறது, அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரியுமா?

பார்வதி அக்காவின் கணவர் ஜெயராம் அண்ணன், பிளாஸ்டிக் நாற்காலியில் இருத்தி நாலு பேராகத் தூக்கலாம், பல்லக்கு மாதிரி என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

டிலானி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, தூக்குனீங்கன்னா நான் திரும்ப ஆஸ்பத்திரிக்கே போயிடுவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து வாசலை விட்டு விலகினாள். வழி கிடைத்ததும் பார்வதி அக்கா தட்டோடு வெளியே பாய்ந்தார்.

கடை முதலாளி சொன்ன கணக்கு

இரும்பு டேப் வந்தது. ஜெயராம் அண்ணன் அளந்தார். நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலத்துக்கு ஒரு நூல் கூட. வாசலின் அகலம் இருபத்தைந்து.

அவர் டேப்பைத் திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை அளந்தார். எண்கள் மாறவில்லை. என் கணவர் ஹட்டன் கடை முதலாளியைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, நாற்காலி வளர்ந்துவிட்டது என்றார்.

முதலாளி பொறுமைசாலி. பதினெட்டு என்று எழுதியிருந்தால் அது உட்காருகிற இடத்தின் அகலம் என்று விளக்கினார். உட்காருகிறவருடைய இடுப்புக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குவதற்காக அப்படி எழுதுகிறார்கள். கைப்பிடி, பெரிய சக்கரம், சக்கரத்துக்கு வெளியே கையால் உருட்டுகிற வளையம், எல்லாம் அதற்கு மேலே.

"வீட்டுல அரை அங்குலக் குழாய் இருக்கும்ல. அத வெளிய அளந்து பாருங்க, அரை அங்குலமா இருக்காது. உள்ள தண்ணி ஓடுறதுக்குத்தான் அந்தப் பேரு. இது ஆளு உக்கார்றதுக்கு வச்ச பேரு."

"சரி முதலாளி, அப்ப என் கதவு? அதுலயும் அஞ்சு அங்குலத்தக் காணோமே" என்றார் என் கணவர்.

முதலாளி சிரித்தது ஸ்பீக்கரில் கரகரத்தது. நிலையை வெளிக்கு வெளி அளந்துதான் விற்பார்கள் என்றார். மேசன் சுவரில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கான அளவு அது. உள்ளே நிலைக்கட்டையின் கனம் இரண்டு பக்கமும் போய்விடும்.

மூன்றங்குலக் கட்டை என்று வாங்கிய நிலை அது. மூன்று மூன்றாக ஆறு போனால் இருபத்துநாலுதான் மிஞ்ச வேண்டும். சீவியதில் கட்டை இரண்டரையாக மெலிந்திருந்ததால் எங்களுக்கு ஓரங்குலம் லாபம். இதைக் கண்டுபிடித்தவர் என் கணவர்தான். அந்த நிலைமையிலும் அவருக்கு அதில் ஒரு திருப்தி.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. கதவுக்கு மேசன் பார்க்கிற அளவு. நாற்காலிக்கு உட்காருகிறவர் பார்க்கிற அளவு. மரத்துக்கு ஆலைக்காரர் பார்க்கிற அளவு. முதலில் யாருக்குத் தேவைப்பட்டதோ அவருக்காக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு கடை வரைக்கும் வந்துவிடுகிறது. கதவுக்குள்ளே நாற்காலியில் போகிறவருக்காக மட்டும் இரண்டிலும் யாரும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

முதலாளி போனை வைக்கும் முன் ஒரு வழி சொன்னார். கையால் உருட்டுகிற வளையங்கள் திருகாணியில்தான் நிற்கின்றன. இரண்டையும் கழற்றினால் இரண்டங்குலம் குறையும். பிறகு லேசாகப் போகும்.

"பின்னால யாராவது தள்ளுனாப் போதும். அம்மா இருக்காங்கதானே."

வளையம்

எல்லோருக்கும் சந்தோஷம். ஜெயராம் அண்ணன் ஸ்பேனர் எடுக்க ஓடினார். பார்வதி அக்கா புதிதாக மஞ்சள் கரைக்கத் தொடங்கினார். முதலில் சுற்றியது கணக்கில் சேராது, அப்போது பிள்ளை பாதிதான் வந்திருந்தாள் என்பது அவருடைய தீர்ப்பு.

எல்லோரையும்விட எனக்குத்தான் அதிக சந்தோஷம். எங்கள் லயம் மலைச்சரிவில் இருக்கிறது. முற்றத்தைத் தாண்டினால் தண்ணீர் ஓடுகிற கான். கானைத் தாண்டினால் இறக்கம், அந்த இறக்கம் முடிகிற இடத்தில் பஸ் ரோடு. வளையம் இல்லாத நாற்காலி நான் விட்ட இடத்தில் நிற்கும். நான் தள்ளினால்தான் நகரும். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியெல்லாம் என் நெஞ்சில் கிடந்த பாரம் ஸ்பேனர் என்ற சொல்லைக் கேட்டதும் இறங்கிவிட்டது.

டிலானி இரண்டு வளையங்களையும் கையால் பிடித்துக்கொண்டாள். ஸ்பேனரோடு குனிந்த ஜெயராம் அண்ணன் அவள் விரல்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதக் கழட்டாதீங்கம்மா" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "இது இல்லன்னா நான் ஒரு சாமான் மாதிரி. நீங்க வச்ச எடத்துல இருப்பேன்."

கால் சரியாகும் வரைக்கும்தானே, கொஞ்ச நாள்தானே என்று என் கணவர் தொடங்கினார். கொஞ்ச நாள் என்று அவர் சொன்னதோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நான் அவள் கைகளைப் பார்த்தேன். உள்ளங்கை ஓரத்தில் புதிதாகக் காய்த்திருந்தது. நடைபாதையில் உருட்டிப் பழகியதில் வந்த காய்ப்பு. எவ்வளவு தூரம் உருட்டியிருந்தால் அப்படிக் காய்த்திருக்கும்? நான் கன்டீனுக்குப் போய்வந்த நேரமெல்லாம் உருட்டியிருக்கிறாள் போலிருக்கிறது.

பிறகு வாசலைப் பார்த்தேன். நிலையைப் பார்த்தேன்.

"ஜெயராம் அண்ணே, இந்த நெலைய எடுத்தா சுவரு நிக்குமா?"

அவர் ஸ்பேனரை மடியில் சொருகிக்கொண்டு போய், மேலே தட்டிப் பார்த்தார். குறுக்கே பழைய கல் உத்தரம் இருந்தது.

"வெள்ளக்காரன் கட்டுன சுவரு டீச்சர். அதுக்கு இந்த நெலை இருக்கிறதே தெரியாது."

"அப்ப எடுத்துருவோம்."

என் கணவர் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். தானே தோளில் சுமந்து வந்து, தானே வார்னிஷ் பூசிய நிலை. அதைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ராத்திரிக்குக் குளிருமே" என்றார்.

"குளிரட்டுங்க."

சொன்ன அளவு

அலவாங்கு, சுத்தியல், கோடரி என்று ஆளுக்கொன்றோடு வந்தார்கள். ஒரு நிலையைக் கழற்றுவதற்கு அவ்வளவு பேர் தேவையில்லை. ஆனால் யாரையும் போகச் சொல்ல முடியவில்லை. முதல் குத்து நான்தான் குத்தினேன். அலவாங்கு கனத்தில் என்னையே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. ஜெயராம் அண்ணன் மரியாதையாக அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். டீச்சர் போர்டில் எழுதுகிற சோக் கட்டியைப் பிடித்தால் போதும் என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நிலை முறியாமல் முழுசாக வந்தது. நான்கு பேர் அதை ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். சுவரிலிருந்து கொஞ்ச நேரம் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது.

என் கணவர் டேப்பை எடுத்துச் சுவருக்குச் சுவர் பிடித்தார்.

"முப்பது" என்றார். "கடைக்காரன் சொன்னது சரி. நாமதான் வாசலுக்குள்ள கதவ வச்சிக் கெடுத்துட்டோம்."

இதை எழுதும் இன்றைக்கும் அந்த வாசலில் நிலை இல்லை. பகலில் சேலைத் திரை, இரவில் பலகையும் அதன் மேல் கம்பளியும். கந்தப்பளையிலிருந்து பார்க்க வந்த என் தம்பி மூன்று நாள் இருக்கிறேன் என்று வந்து, ஒரு ராத்திரி குளிரில் படுத்துவிட்டுக் காலையில் பஸ் ஏறிவிட்டான். புது நிலைக்குச் சொல்லியாகிவிட்டது. உள் அளவு, உள் அளவு என்று என் கணவர் மரக்கடையில் அழுத்தி அழுத்திச் சொன்னதில் கடைக்காரர், தனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று சொன்னாராம்.

அன்றைய நாளுக்குத் திரும்புகிறேன். பார்வதி அக்கா புதுத் தட்டோடு உள்ளே போய் நின்றார். நான் பழக்கத்தில் நாற்காலியின் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். வான் வண்டியிலிருந்து இறங்கியது முதல் அதை நான் விடவே இல்லை.

"அம்மா, கைய எடுங்க."

எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

டிலானி இரண்டு வளையங்களையும் அழுத்தி ஒரு தள்ளுத் தள்ளினாள். என் கணவர் பூசி வைத்திருந்த சீமெந்துச் சரிவில் ஏறி, இஸ்தோப்புத் திண்ணையைக் கடந்து, எங்கும் முட்டாமல் உள்ளே போனாள். இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. அக்கா தட்டைச் சுற்றுவதற்குள் தாண்டிப் போய்விட்டாள். அக்கா அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டு போனார்.

வெளியே நாங்கள் எல்லோரும் ஒரு பெரிய ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே சக்கரச் சத்தம் அறையைக் கடந்தது. குசினிக்குக் கதவு கிடையாது, வெறும் திரைதான். திரையின் வளையங்கள் கம்பியில் உராய்ந்தன. பிறகு கேஸ் அடுப்பு 'டிக் டிக்' என்றது.

கேஸ் அடுப்பு. நீட்டிய கால்கள். கொதிக்கிற தண்ணீர். என் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. உள்ளே ஏதோ உருண்டு விழுந்து தரையில் சுழன்றது.

"மூடிதான்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அக்கா எடுத்துட்டாங்க."

எடுத்து வைத்த காலை அங்கேயே நிறுத்தினேன். அது சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். என் கணவர் என்னைப் பார்த்தார். ஜெயராம் அண்ணன் அலவாங்கில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி போடுறேன். யாருக்கெல்லாம் சீனி வேணாம்?" என்று டிலானி உள்ளேயிருந்து கேட்டாள்.

முற்றத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது எனக்குச் சீனி வேண்டும் என்று சொன்னேன், நின்ற இடத்திலிருந்தே, உள்ளே கேட்கிற மாதிரி.